பல தட்டுக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒளித்தட்டுகளில் பதிந்துள்ள பயிற்சிப் படங்களும், இசையும், பேச்சும் நம் பள்ளிகளிலும் விரிவுப்பணி அலுவலகங்களிலும் பெட்டி பெட்டியாகத் தங்கியுள்ளன. அவற்றை இயக்கும் கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன. ஓப்போ டிஜிட்டல் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் தட்டுக் கருவிகளின் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. எல்.ஜி. நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் புளூ-ரே கருவிகளை நிறுத்தியது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில், நாமே பதிவு செய்துகொள்ளத்தக்க புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இந்நிலையில், ஒரே சமயத்தில் மூன்று அல்லது ஐந்து தட்டுகளை ஏற்று ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் பழைய கருவிகள், ஹோம் தியேட்டர் எனப்படும் இல்லப் படக்காட்சி அமைப்புகளுடன் சேர்ந்து மலிவான விலைக்குக் கிடைக்கின்றன. அத்தகைய கருவியொன்றை வாங்கலாமா, வாங்கினால் எதனை நோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்து தெளிவாக விளங்கும்பொருட்டு ஓர் இடத்தை மனத்திற் கொள்வோம். ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய இரு மாநில எல்லைகளுக்கும் அண்மையில் அமைந்துள்ளது இராமகுப்பம். இங்குத் தெலுங்கும் தமிழும் கன்னடமும் வழங்குகின்றன. உழவுடன் பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடு வளர்ப்பும் மக்களின் தொழில்களாகும். காட்டு யானைகள் வயல்களில் இறங்கும் பகுதியுமாகும். புதிய கருவிகள் இவ்வட்டாரத்திற்கு அந்நியமானவையல்ல. 2002-ஆம் ஆண்டில் ஹியூலெட்-பக்கார்டு நிறுவனம் மாநில அரசுடன் கூடிக் குப்பம் வட்டாரத்தில் ஐ-கம்யூனிட்டி என்னும் திட்டத்தைத் தொடங்கிக் கணினி நிலையங்களை அமைத்தது. இத்தகைய வட்டாரத்தில் பணிபுரியும் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் மூன்று தேவைகள் உண்டு. ஒரே படத்தை வெவ்வேறு மொழியினருக்குக் காட்ட வேண்டும். கருவி தூசியையும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வையும் தாங்க வேண்டும். பழுதுற்றால் அருகிலேயே செப்பனிடத்தக்கதாக இருக்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இம்மூன்றையும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

பல தட்டுக் கருவி தோன்றிய காரணம்

ஒரு தட்டில் அடங்கும் நேரம் குறுகியதாயிருந்தமையே பல தட்டுக் கருவி தோன்றக் காரணமாகும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்ற 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாடும். ஆதலின் பல தட்டுகளை அடுக்கி வைத்தால் தானே ஒவ்வொன்றாக விழச்செய்து பாடும் கிராமபோன்கள் பரவின. 1948-ஆம் ஆண்டில் நீண்டநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடியது. 1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, அதாவது சி.டி., 74 நிமிஷ இசையை ஒரே பக்கத்தில் கொண்டது.

அடுத்து 1993-ஆம் ஆண்டில் வீடியோ சி.டி. வகுக்கப்பட்டது. அதிலும் 74 நிமிஷப் படமே அடங்கும். நம் நாட்டுத் திரைப்படமோ இரண்டரை மணி நேரம் ஓடுவது. ஆகவே ஒரு படம் இரண்டு அல்லது மூன்று தட்டுகளில் வந்தது. நம் நாட்டுக் கடைகளில் மூன்று தட்டு சேஞ்சர் பெரிதும் விலைபோனதன் காரணம் இதுவே. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் டி.வி.டி. வந்தபோது இத்தேவை பெரிதும் நீங்கியது. இரு படலங்கள் கொண்ட ஒரு டி.வி.டி.யில் முழுப் படமும் அடங்கிவிடுகிறது.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. சோனி நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் 400 தட்டுகளை ஏற்கும் புளூ-ரே கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய பெட்டி நிறைய ஒரு படலமுடைய டி.வி.டி.களை அடுக்கினாலும் அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1,880 கிகாபைட்டே. இதனைக் கையடக்கமான, 2,000 கிகாபைட் கொண்ட ஒரே ஹார்டு டிஸ்க்கில் அடக்கிவிடலாம். எனவே, தட்டுகளின் எண்ணிக்கையைப் பெருமையாகக் கருதி அதிக விலை தருவது பொருத்தமன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

தட்டு படிக்கப்படும் விதம்

சி.டி., டி.வி.டி., புளூ-ரே ஆகிய மூன்றும் 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையவை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் உள்ளமைப்பில் வேறுபடுகின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய குழிகள் வரிசையாக அமைந்த சுருள் தடம் ஒன்று, நடுவிலிருந்து தொடங்கி விளிம்பு நோக்கிச் செல்கிறது. லேஸர் ஒளி அத்தடத்தின் மீது குவிக்கப்படுகிறது. குழியுள்ள இடத்தில் திரும்பிவரும் ஒளி மங்குகிறது. குழியில்லாத இடத்தில் பிரகாசிக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே பின்னர் ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றப்படுகிறது.

சி.டி.யில் தடங்களுக்கிடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரான், அதைப் படிக்கும் லேஸரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டி.வி.டி.யில் தொலைவு 0.74 மைக்ரான், அலைநீளம் 650 நானோமீட்டர், கொள்ளளவு ஒரு படலத்துக்கு 4.7 கிகாபைட், இரு படலத்துக்கு 8.5 கிகாபைட். 2006-ஆம் ஆண்டில் கடைகளுக்கு வந்த புளூ-ரேயில் தொலைவு 0.32 மைக்ரான், அலைநீளம் 405 நானோமீட்டர், கொள்ளளவு ஒரு படலத்துக்கு 25 கிகாபைட். அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறியதாகிறது. தடங்களை நெருக்கி எழுத முடிகிறது. டி.வி.டி. கருவி புளூ-ரே தட்டைப் படிக்க இயலாமைக்கும், புளூ-ரே கருவி டி.வி.டி.யையும் படிக்க வேறொரு லேஸரைத் தன்னகத்தே கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். பயனற்ற ஒரு சி.டி.யையும் ஒரு டி.வி.டி.யையும் ஒரே சாளர வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டிலும் வானவில் நிறங்கள் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சி.டி.யில் 625 தடங்களும், டி.வி.டி.யில் ஏறக்குறைய 1,350 தடங்களும் உள்ளன. ஆதலின் டி.வி.டி.யில் நிறங்கள் மிகுதியாக விரிந்து பிரிவதை மாணவர் நேரிற் காண்பர். ஆனால் கருவியைத் திறந்து அதன் லேஸரை நோக்கலாகாது. சி.டி. லேஸர் கட்புலனாகாத அகச்சிவப்பைச் சேர்ந்தது. அறியாமலே கண்ணுக்கு ஊறு விளைவிக்கும்.

பல தட்டுக் கருவியின் வகைகள்

முதல் வகை, சுழல்மேடை கொண்டது. அகன்ற தட்டம் ஒன்று வெளியே நீளும். அதன்மேல் மூன்று அல்லது ஐந்து தட்டுகளை வட்டமாக வைக்கலாம். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை மாற்றத்தக்க அமைப்பும் சிலவற்றில் உண்டு. உள்ளே என்ன தட்டுகள் இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிவது இதன் நன்மை. அதிக இடம் பிடிப்பது குறை.

இரண்டாவது வகை, உறை கொண்டது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டுகளைச் செருகிய ஓர் உறையை உள்ளே தள்ள வேண்டும். தூசு குறைவாகப் புகும். ஆனால் உறை உடைந்தாலோ தொலைந்தாலோ வேறு உறை கிடைப்பது அரிது. ஒரு கம்பெனியின் உறை மற்றொன்றுக்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை.

மூன்றாவது வகை, நூற்றுக்கணக்கான தட்டுகளை நிறுத்தி வைத்து வேண்டியதை எடுத்துத் தரும் பெரும் பெட்டி. பெரிய சேகரிப்புடைய இல்லங்களுக்கு இது பயன்பட்டது, பள்ளிக்குத் தேவையில்லை.

மூன்று வகைக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. ஒரு தட்டுக் கருவியில் இல்லாத மோட்டார்களும், பல்சக்கரங்களும், ரப்பர் பட்டைகளும், நிலையறியும் ஸ்விட்சுகளும் இவற்றில் மேலதிகமாக உள்ளன. நாட்பட்ட ரப்பர் பட்டை இறுகி வழுக்கும்போது தட்டம் பாதியில் நின்றுவிடும். உள்ளிருக்கும் தட்டுகளும் சிக்கிக்கொள்ளும். லேஸர் நன்றாக இருந்தும் கருவி பயனற்றுப்போவது பெரும்பாலும் இவ்வாறுதான். ஊர் ஊராகப் பேருந்திலும் ஜீப்பிலும் எடுத்துச் செல்லும் களப்பணியாளருக்கு இக்கருவி ஏற்றதன்று. ஓரிடத்தில் நிலையாக வைத்து இயக்கும் பள்ளிக்கும் வாசகசாலைக்குமே ஏற்றது. இடம் மாற்ற நேர்ந்தால் எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்தபின்பே அசைக்க வேண்டும்.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

1. ஏற்கும் தட்டு வகைகள்: முதலில் கையிலுள்ள தட்டுகளை வகைப்படுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். இசைத்தட்டுகள் எத்தனை, வீடியோ சி.டி.கள் எத்தனை, டி.வி.டி.கள் எத்தனை, அலுவலகத்திலேயே பதிவு செய்தவை எத்தனை என்று பட்டியல் எழுதுக. டி.வி.டி. கருவிகளுள் மிகப் பழையவை சில, நாமே பதிவு செய்த சி.டி.களைப் படிப்பதில்லை. புளூ-ரே கருவிகளுள் சில வீடியோ சி.டி.யை ஏற்பதில்லை. பெரும்பாலும் வீடியோ சி.டி.களே உள்ள பள்ளி, விலை மிகுந்த புளூ-ரே கருவியை வாங்கி ஏமாறுதல் கூடும்.

2. மொழிகள்: ஒரு டி.வி.டி.யில் 8 ஒலித்தடங்கள் வரையும், 32 எழுத்துத் தொடர்கள் வரையும் அமைக்க இடமுண்டு. ரிமோட்டில் உள்ள ஆடியோ பொத்தானை அழுத்தி, அத்தட்டில் உள்ள மொழிகளை மாற்றிக்கொள்ளலாம். இராமகுப்பம் போன்ற மும்மொழி வட்டாரத்தில் இது பெரும் வசதியாகும். ஒரே தட்டைக் காலையில் தெலுங்கிலும் மாலையில் தமிழிலும் காட்டலாம். வீடியோ சி.டி.யில் இவ்வசதி இல்லை. ஆனால் சில தட்டுகளில் இடப்பக்க ஒலியில் ஒரு மொழியும், வலப்பக்க ஒலியில் மற்றொரு மொழியும் பதிந்திருக்கும். இரண்டும் கலந்து ஒலித்தால் தட்டு கெட்டுவிட்டதென்று தள்ளிவிடலாகாது. இடம் வலம் மாற்றும் பொத்தானை அழுத்தினால் ஒரு மொழி மட்டும் கேட்கும். பழைய கருவி வாங்கும்போது அதற்குரிய ரிமோட்டும் உடன் உள்ளதா என்று பார்ப்பது இதனாலேயே இன்றியமையாதது.

3. மண்டல எண்: விற்பனை டி.வி.டி.களுக்கு மண்டல எண் உண்டு. இந்தியா 5-ஆம் மண்டலம். அமெரிக்கா 1-ஆம் மண்டலம். சிங்கப்பூர், மலேசியா 3-ஆம் மண்டலம். புளூ-ரேயில் இந்தியா சி மண்டலத்தைச் சேர்ந்தது. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த தட்டு இங்குள்ள கருவியில் ஓடாமைக்கு மண்டல எண் வேறுபாடே காரணமாக இருக்கலாம். எல்லா மண்டலங்களுக்கும் உரியனவாக வெளியிடப்பட்ட தட்டுகளுக்கு இத்தடை இல்லை. அமெரிக்கத் தட்டுகள் 525 வரி முறையிலும், நம் நாட்டுத் தட்டுகள் 625 வரி முறையிலும் அமைந்தவை. இரண்டையும் ஏற்கும் கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருப்பது நலம்.

4. இணைப்பு வாய்கள்: பழைய பெட்டிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற வாய்கள் உண்டு; மஞ்சள் படத்துக்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. புதிய தொலைக்காட்சிகளில் எச்.டி.எம்.ஐ. வாய்களே முதன்மையாக உள்ளன. சிலவற்றில் மஞ்சள் வாய் அறவே இல்லை. கருவிக்கும் பெட்டிக்கும் பொதுவான வாய் ஒன்றேனும் இருப்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

5. ஒலி அமைப்பு: 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களையும், தாழ்ந்த ஒலிக்கென அமைந்த ஒரு தனி ஸ்பீக்கரையும் குறிக்கும். முன்புறத்தில் இடம், வலம், நடு என மூன்றும், பக்கங்களில் இரண்டும் இருக்கும். உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரின் வழியே வருகிறது. இது நினைவிற் கொள்ளத்தக்கது. கருவியை 5.1 முறையில் வைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இணைத்தால், பின்னணி இசை உரக்க ஒலிக்கும். பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். அமைப்புப் பட்டியலில் ஸ்டீரியோ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நடு ஒலியும் இரு ஸ்பீக்கர்களுக்கும் பகிரப்பட்டுப் பேச்சு தெளிவாகும்.

இல்லத்துச் சிறு அறையில் நால்வர் நடுவில் அமர்ந்து கேட்பதற்கே 5.1 அமைப்பு வகுக்கப்பட்டது. நீண்ட வகுப்பறையில் ஓரத்திலிருக்கும் மாணவனுக்குப் பக்க ஸ்பீக்கரின் ஓசையே மிகுதியாகக் கேட்கும். ஆதலின் பள்ளிக்கு, தலைக்குச் சற்று உயரமாக முன்புறத்தில் வைத்த இரண்டு நல்ல ஸ்பீக்கர்களே போதுமானவை. எதிரொலிக்கும் வெறுஞ்சுவர்களில் தடித்த துணித்திரை தொங்கவிடுவதும் பேச்சைத் தெளிவாக்கும்.

6. மின்சாரம்: கருவியின் பின்புறத்தில் உள்ள சீட்டைப் படிக்க வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்துக்குப் பொருந்தும். 110 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேராக இணைக்கலாகாது; எரிந்துவிடும். மின்னழுத்தம் அடிக்கடி மாறும் ஊர்களில் ஸ்டெபிலைஸர் வைத்துக்கொள்வதும், இடி மின்னலின்போது மின்கம்பியையும் ஆண்டெனாக் கம்பியையும் கழற்றிவிடுவதும் நன்று.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை

பழைய கருவியைக் கடைக்காரர் தட்டைக் கொண்டு சோதித்தல் போதாது; நம் தட்டுகளையே எடுத்துச் செல்ல வேண்டும். அச்சிட்ட சி.டி. ஒன்று, நாமே பதிவு செய்த சி.டி. ஒன்று, வீடியோ சி.டி. ஒன்று, இரு படல டி.வி.டி. ஒன்று ஆகியவற்றைக் கருவியின் ஒவ்வோர் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் இயக்குக. ஒரு படலத் தட்டுகளில் பதிவு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்வதால், நிரம்பிய தட்டின் இறுதிப் பகுதி விளிம்பருகே இருக்கும். தட்டின் கோணலும் லேஸரின் தளர்ச்சியும் அங்கேயே முதலில் வெளிப்படும். இரு படல டி.வி.டி.யில் படத்தின் நடுவே கணநேரம் படம் நின்று தொடர்வது ஒரு படலத்திலிருந்து மற்றதற்கு மாறுவதன் அடையாளம், பழுது அன்று. இறுதியாக, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுச் சூடேறியபின் மீண்டும் தட்டு மாற்றிப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் ஒரு முறையேனும் தட்டம் சிக்கினால் அக்கருவியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

தட்டுகளைப் பேணலும் பெயர்த்துப் பதிதலும்

சி.டி.யில் ஒளி மீளும் அலுமினியப் படலம், எழுத்து அச்சிட்ட மேற்புறத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியில் உள்ளது. ஆகவே பளபளப்பான பக்கத்தைவிடப் பெயர் எழுதிய பக்கத்தில் கீறுவதே அதிகக் கேடு தரும். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும், காகிதச் சீட்டு ஒட்டுவதும் கூடாது. டி.வி.டி.யில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர்த் தகடுகளின் இடையே பாதுகாப்பாக உள்ளது.

தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கலாகாது. காரணம் வருமாறு: ஒவ்வொரு செய்தியும் தடத்தின் பல இடங்களில் சிதறவிட்டு எழுதப்படுகிறது, ஓரிடம் மறைந்தாலும் மற்ற இடங்களைக் கொண்டு கணித முறையில் அதனை மீட்கலாம். சி.டி.யில் தடத்தின் நெடுகே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை மறைந்தாலும் இவ்வாறு முழுமையாக மீட்கப்படுகிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே மறைக்கும். வட்டமாக விழுந்த கீறலோ ஒரே தடத்தை நெடுகிலும் மறைத்து, மீட்பின் எல்லையைக் கடந்துவிடும்.

நாமே பதிவு செய்த தட்டுகளில் செய்தியைத் தாங்குவது குழிகளன்று; ஒரு வகைச் சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை மங்கச்செய்கின்றன. பள்ளி விழாக்கள், ஊர்ப் பெரியோரின் பாடல்கள், கள அலுவலர் எடுத்த செயல்விளக்கப் படங்கள் முதலியன இத்தகைய தட்டுகளிலேயே உள்ளன. விற்பனைப் படத்துக்கு வேறு பிரதி கிடைக்கலாம். இவற்றுக்கு வேறு பிரதி இராது. ஆதலின் கருவி வாங்குவதற்கு ஒதுக்கிய தொகையில் முதற்பங்கு இவற்றைப் பெயர்த்துப் பதிவதற்கே செல்ல வேண்டும். கணினியுடன் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கத்தக்க டி.வி.டி. டிரைவ் ஒன்று இதற்குப் போதும். முழுமையாக நிரம்பிய ஒரு படல டி.வி.டி.கள் பதின்மூன்று வரை 64 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் அடங்கும். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாமல் இரு இடங்களில் பிரதி வைப்பதும், ஒவ்வொரு கோப்புக்கும் நாள், இடம், மொழி, பொருள் ஆகியவற்றைப் பெயரிலேயே குறிப்பதும் பின்வருவோர்க்குப் பேருதவியாகும். விற்பனைப் படங்களைப் பொறுத்தவரை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைக் கருத்திற் கொள்ள வேண்டும். இல்லத்துப் பயனுக்கென விற்கப்பட்ட தட்டை உரியவர் இசைவின்றிப் பொதுமக்களுக்குக் காட்டுதலும் பிரதியெடுத்து வழங்குதலும் தகா.

முடிவு

பல தட்டுக் கருவியை எண்ணிக்கை நோக்கி வாங்குதல் பொருந்தாது. தட்டுகள் பல வகையாக உள்ள பள்ளி, எல்லாவற்றையும் படிக்கும் நல்ல ஒரு தட்டுக் கருவியையே தேர்ந்தெடுக்கலாம். மூன்று தட்டுகளில் வந்த வீடியோ சி.டி. படங்களும் நீண்ட இசைத் தொகுப்புகளும் மிகுதியாக உள்ள வாசகசாலைக்கு, சோதனையில் தேறிய மூன்று தட்டுச் சுழல்மேடைக் கருவி இன்றும் பயன்படும். இரண்டிலும் ரிமோட்டும், பொருந்தும் இணைப்பு வாயும், ஸ்டீரியோ வசதியும் இருத்தல் வேண்டும். எதனை வாங்கினும், அது நன்றாக ஓடும் காலத்திலேயே வேறு பிரதியில்லாத தட்டுகளை எல்லாம் பெயர்த்துப் பதிந்துவிட வேண்டும். தட்டு கெட்டால் போவது ஒரு தட்டு. படிக்கும் கருவி கிடைக்காமற்போனாலோ பெட்டியிலுள்ள தட்டுகள் அனைத்தும் ஊமையாகிவிடும்.